புள்ளி பூஜ்யம் பூஜ்யம் ஆறு

ஜூன் 3, திங்கள்

காலை ஒன்பது மணிக்கு வெள்ளைக் கோட் போட்டுக்கொண்டேன். பத்தொன்பது வருடங்கள் கழித்து. துணி புதுசு, பொத்தான் துளைகள் இறுக்கமாக இருந்தன. மூன்றாவது பொத்தானைப் போடுவதற்குள் வியர்த்துவிட்டது. நாற்பத்து நாலு வயதில் முதல் நாள் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையைப் போல இருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. இருந்தாலும் எழுதுகிறேன்.

ஆய்வகம் துடியலூரைத் தாண்டி, மேட்டுப்பாளையம் சாலையில், ஒரு டைல்ஸ் கடைக்கு மேல் இரண்டாவது மாடியில் இருக்கிறது. காய்கறி, பழம், மசாலாப் பொருட்களில் பூச்சிமருந்து எவ்வளவு தங்கியிருக்கிறது என்று அளந்து சொல்வது வேலை. தலைவர் இஸ்மாயில் சார். கருவியைப் பார்த்துக்கொள்வது ஷெரின். அவளுக்கு இருபத்தெட்டு வயது, எனக்கு சீனியர். என்னை அக்கா என்று கூப்பிட்டுக்கொண்டே அதட்டுகிறாள்.

இஸ்மாயில் சார் உட்காரவைத்துச் சொன்னார். "இங்க ஒரே ஒரு விதிதான் வசுமதி. பை மேல நம்பர் இருக்கும். யாரோடதுன்னு கேக்கக் கூடாது. தெரிஞ்சுபோச்சுன்னா உடனே எங்கிட்ட வந்து சொல்லிட்டு, அந்தப் பையைக் கீழ வெச்சிரணும்."

முன்பு ஏன் வேலையை விட்டீர்கள் என்று கேட்டார். கல்யாணம் என்றேன். பங்குனியில் விட்டேன், ஆவணியில் கல்யாணம். அவர் தலையாட்டினார்.

ஜூன் 4, செவ்வாய்

பகல் முழுவதும் தராசு. பத்து கிராம் என்றால் பத்து கிராம். ஆனந்தமாக இருந்தது.

ஜூன் 6, வியாழன்

முதல் சாம்பிள். கறிவேப்பிலை.

எங்கள் தொழிலில் இது பொல்லாத இலையாம். பச்சையும் எண்ணெயும் கரைசலில் இறங்கி, தேடுகிற பொருளை மறைத்துவிடுமாம். பொடியாக அரைத்து, கரைப்பான் ஊற்றி, உப்பைப் போட்டுக் குலுக்கினேன். குழாயில் மேலே நின்றது பேனா மையைப் போலக் கரும்பச்சை. கரித்தூள் கலந்து சுழற்றியதும் மெல்ல வெளுத்து, பலவீனமான தேநீர் நிறத்துக்கு வந்தது. அதைப் பார்த்து நான் சிரித்ததை ஷெரின் பார்த்துவிட்டாள்.

"என்னக்கா, டிவில சீரியல் பாக்கற மாதிரி பாக்கறீங்க?"

நாற்பது நிமிடம் ஓடியது. கருவி திரையில் ஒரு கோடு வரைந்துகொண்டே போகும். மருந்து இருந்தால் அதற்குரிய நிமிடத்தில் கோடு மேடாக எழும்பும். மேட்டுக்கு அடியில் ஓர் அடிக்கோடு இழுத்து, இடையில் உள்ள பரப்பை அளந்தால் அளவு கிடைக்கும். அடிக்கோட்டைக் கணினியே இழுத்துவிடும். வேண்டுமென்றால் மவுஸைப் பிடித்து நாமும் இழுக்கலாம். நான் மவுஸைத் தொடவில்லை.

புரோஃபெனோபாஸ் என்ற மருந்து. கிலோவுக்கு 0.18 மில்லிகிராம். வாங்கும் நிறுவனம் அனுமதிப்பது 0.01. அதாவது பத்து டன் இலைக்கு, ஒரு சிட்டிகை உப்பில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு சிறியதை ஒரு கருவி தேடிப் பிடிக்கிறது, அந்தக் கருவியின் முன்னால் நான் உட்கார்ந்திருக்கிறேன். சாப்பிட மறந்துவிட்டேன்.

மறுபடி ஒரு முறை ஓட்டினேன். அதே எண். கையெழுத்துப் போட்டேன்.

ஜூன் 10, திங்கள்

வரவேற்பில் இருக்கும் பெண் தேநீருக்குப் போயிருந்தாள். நான் முன்னறையில் இருந்த நேரத்தில் ஒரு அம்மா படியேறி வந்தார். ஐம்பது வயதிருக்கும். கையில் எங்கள் அறிக்கை, நாலாக மடித்தது.

"ஏனுங், இந்த நம்பரைப் போட்டது ஆருங்?"

நான் அறிக்கையைப் பார்த்தேன். என் கையெழுத்து. அதற்குள் இஸ்மாயில் சார் வந்துவிட்டார்.

அந்த அம்மாவின் பெயர் துளசிமணி. காரமடைக்கு மேற்கே கறிவேப்பிலை போடும் இருபத்திரண்டு பெண்களின் குழுவுக்குத் தலைவி. "மருந்தே அடிக்காத தோட்டத்துல மருந்து எப்படீங் வரும்? ஆறு மாசமாச்சுங். வேப்பம்புண்ணாக்கும் புளிச்ச மோருந்தான் ஊத்தறோம். உங்க மிசினுக்குத்தான் பேதி புடிச்சிருக்குது."

"மிஷின் சரியா இருக்குதுங்கம்மா," என்றார் சார்.

"அப்ப நான் பொய் சொல்றனுங்களா?"

"நான் அப்படிச் சொல்லலையே."

"நீங்க சொல்லலீங். இந்தக் காயிதம் சொல்லுது."

கொச்சியில் உள்ள ஏற்றுமதி நிறுவனம் ஒன்று மருந்தடிக்காத இலை வேண்டும் என்று இவர்களைத் தேடி வந்திருக்கிறது. மூன்று சாம்பிள் பார்க்கும். மே மாதம் ஒன்று தவறியது. இது இரண்டாவது. மூன்றாவது ஜூன் இருபத்து நாலு. அதிலும் தவறினால் பெயரை அடித்துவிடுவார்கள்.

"பேரை அடிச்சா பழையபடி புரோக்கருங்க கையிலதான். மருந்தடிக்கலீன்னா புழு இருக்குதுன்னு கழிப்பானுங்க. இந்தப் புள்ளைகளை மருந்து அடிக்க வேண்டாம்னு நிறுத்துனதே நான்தானுங். அவளுக மூஞ்சில நான் எப்படி முழிக்கறது?"

போகும்போது வருகைப் பதிவேட்டில் பெயரும் போன் எண்ணும் எழுதிவிட்டுப் போனார். எழுத்து அழுத்தி எழுதியதில் பின்பக்கம் புடைத்திருந்தது.

பொய் சொல்பவரின் எழுத்து இல்லை அது. இதை அறிக்கையில் எழுத முடியாது.

ஜூன் 11, செவ்வாய்

காலையில் தாளிப்பதற்குக் கறிவேப்பிலைக் கொத்தைக் குழாயில் காட்டினேன். உதறிவிட்டு உருவினால், வெளியில் இருந்த ஈர்க்குகள் நனைந்திருந்தன. நடுவில் இருந்தவை காய்ந்தபடியே இருந்தன.

அப்படியே நின்றுவிட்டேன். கடுகு கருகிவிட்டது.

அவர் எட்டிப் பார்த்தார். என் கணவர் சிவசாமி, பஸ் டிப்போவில் டைம்கீப்பர். "என்ன, ஊட்டு இலையவும் கணக்கெடுக்க ஆரம்பிச்சிட்டயா?"

ஜூன் 12, புதன்

சோதித்து முடித்த சாம்பிளில் பிரிக்காத கட்டு ஒன்று குளிர்பெட்டியில் மிச்சம் இருந்தது. இஸ்மாயில் சாரிடம் பயிற்சிக்கு என்று கேட்டு எடுத்தேன். வெளி ஈர்க்குகளைத் தனியாகவும் நடு ஈர்க்குகளைத் தனியாகவும் அரைத்தேன்.

வெளியே 0.31. நடுவில் 0.02.

செடியில் அடித்த மருந்தாக இருந்தால் உள்ளும் புறமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். கட்டிய பிறகுதான் மருந்து வந்திருக்கிறது. துளசிமணி பொய் சொல்லவில்லை. கருவியும் பொய் சொல்லவில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்க முடிகிறது என்பதை நினைத்து ஆய்வகத்துக்குள்ளேயே மூன்று முறை நடந்தேன். ஷெரின் சொன்னாள், "அக்கா, உக்காருங்க. தராசு ஆடுது."

ஜூன் 13, வியாழன்

சாரிடம் சொன்னேன். எண்களைப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவருக்கும் பிடித்திருந்தது, கண்ணில் தெரிந்தது.

"அருமையான வேலை. ஆனா நீங்க போய்ச் சொல்லக் கூடாது."

"ஏன் சார்?"

"அடுத்த பையும் இங்கதான் வரும். அளக்கற கையே தோட்டத்துக்குப் போய் யோசனை சொல்லிட்டு வந்தா, அப்புறம் அந்தக் கைக்கு ஒரு ஆசை வந்துரும். அவங்க எழுதிக் கேட்டாங்கன்னா, தோட்ட ஆய்வுக்கு வெளியில இருந்து ஆள் ஏற்பாடு பண்ணலாம்."

"எத்தனை நாள் ஆகும்?"

"மூணு, நாலு வாரம்."

இருபத்து நாலுக்குப் பதினோரு நாள் இருக்கிறது.

ஜூன் 16, ஞாயிறு

வீட்டில் அவரிடம் காரமடைக் கோயிலுக்குப் போகிறேன் என்றேன். பொய் இல்லை. கோயிலுக்கும் போனேன்.

அங்கிருந்து மினிபஸ். பதிவேட்டு எண்ணுக்கு முன்பே பேசியிருந்தேன். துளசிமணி நிறுத்தத்தில் நின்றிருந்தார். ஆடிக்காற்று இப்போதே தொடங்கிவிட்டது போல வீசியது. காற்றோடு தூறல். வழி முழுக்கக் கறிவேப்பிலை வாசம்.

"ஆராச்சும் கேட்டா எங்க சொந்தம்னு சொல்லிக்கறேனுங் மேடம்."

"நான் சும்மா பாக்க வந்தேன் அக்கா. நீங்க எப்பவும் செய்யறதையே செய்யுங்க."

எட்டுப் பெண்கள் இலை அறுத்துக்கொண்டிருந்தார்கள். அறுத்ததை வாழைநாரில் கட்டினார்கள். கட்டுகளை அடுக்கினார்கள். வாடாமல் இருக்க ஒருத்தி நீல டிரம்மில் தண்ணீர் மொண்டு மேலே தெளித்தாள். பிறகு ஈரச்சாக்கு.

நான் டிரம்மிடம் போனேன்.

"இந்தத் தண்ணி?"

"கெணத்துத் தண்ணிதானுங். கரண்டு இருக்கறப்ப புடிச்சு வெச்சுக்குவோம்," என்றார் துளசிமணி.

உள்ளே மேல்பாதி அறுத்த எண்ணெய் கேன் ஒன்று மிதந்தது. அதில்தான் மொள்கிறார்கள்.

"இந்த மக்கு உங்களோடதா?"

"அது மாரப்பனுது. பக்கத்துத் தக்காளிக் காட்டுக்கு மருந்தடிக்க வருவான். அவனும் இதுலதான் தண்ணி எடுத்துக்குவான். எடுத்துட்டுப் போகட்டும், தண்ணியில என்ன இருக்குது."

"மருந்தை எதில கலக்குவாரு?"

"அந்த மக்குலதானுங் கலக்கி, டேங்குல ஊத்தி, மறுக்கா அதுலயே மோ…"

அதோடு நின்றுவிட்டார். தெளித்துக்கொண்டிருந்த பெண்ணின் கையும் நின்றது. துளசிமணி கேனை எடுத்து முகர்ந்தார். அதை அடுத்தவளிடம் நீட்டினார். அவள் முகர்ந்தாள். எட்டுப் பேரும் முகர்ந்தார்கள்.

"ஒரு சொட்டு அடிக்காம, ஆறு மாசம் புழுவ கையில பொறுக்கிப் போட்டு," என்றார் துளசிமணி, "கடைசில நாமளே தீர்த்தமாட்டம் தெளிச்சிருக்கறம் பாருங்கடி."

ஒருத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மற்றவர்களுக்கும் வந்தது. அழுகையைப் போன்ற சிரிப்பு.

டிரம்மை மாற்றச் சொன்னேன். சாக்குகளையும். பழைய சாக்கில் ஊறியிருக்கும். கிளம்பும்போது துளசிமணி என் கையைப் பிடித்துக்கொண்டார். மேடம் அம்மிணி ஆகியிருந்தது. "அம்மிணி, நீ வந்தது சாமி வந்தாப்புல."

பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. உட்காரவில்லை. அவ்வளவு சந்தோஷம்.

ஜூன் 17, திங்கள்

"கோயிலுக்கு எந்தப் பஸ்ல போன?" என்று வீட்டில் அவர் கேட்டார். சொன்னேன். "மினிபஸ் கண்டக்டர் உன்னையப் பாத்தானாம். அது கோயிலைத் தாண்டிப் போற வண்டியாச்சே." வேறு எதுவும் கேட்கவில்லை.

சாரிடம் சொல்லவில்லை. வேலை அதிகம்.

ஜூன் 20, வியாழன்

இன்றும் வேலை அதிகம்.

ஜூன் 24, திங்கள்

பதினோரு மணிக்கு ஒரு பை வந்தது. மேலே எண் மட்டும். உள்ளே கறிவேப்பிலை, வாழைநார்க் கட்டு, புத்தம் புதிய சாக்குத்துணியில் சுற்றியது.

வாழைநாரில் யார் வேண்டுமானாலும் கட்டலாம்.

ஜூன் 25, செவ்வாய்

காலையில் ஓட்டினேன். முதலில் தட்டையான கோடு. மருந்துக்குரிய நிமிடத்தில் கோடு எழும்பியது. ஆள் உயர மேடு இல்லை, எறும்புப் புற்று. வலது பக்கம் இன்னொரு சின்ன மேடு தோளைப் போல ஒட்டிக்கொண்டிருந்தது. கணினி இரண்டுக்கும் அடியில் ஒரே கோடாக இழுத்தது. 0.012.

0.18-இல் இருந்து 0.012. டிரம்தான். நான் கண்டுபிடித்தது சரி. ஆனால் எல்லை 0.01.

அந்தத் தோள் மருந்து அல்ல, இலையின் சொந்த எண்ணெயாக இருக்கலாம் என்று தோன்றியது. இருக்கலாம் என்ன, அதுதான் என்று தோன்றியது. மவுஸைப் பிடித்தேன். அடிக்கோட்டின் வலது முனையைத் தூக்கித் தோளுக்கு முன்னால் வைத்தேன். 0.009.

இவ்வளவு எளிது. மணிக்கட்டு அரை அங்குலம்.

நாலு நிமிடம் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். சேமிக்கவில்லை. மூடினேன். மறுபடி திறந்தேன். மறுபடி மூடினேன்.

பழைய ஆய்வகத்தில் அது திராட்சை. எனக்கு இருபத்தைந்து வயது. அதிகாரி என் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். "கோட்டைக் கொஞ்சம் மேல தூக்கும்மா, நல்ல மனுஷங்க" என்றார். அவர்கள் நல்ல மனிதர்களாகவே இருந்திருக்கலாம். தூக்கினேன். கையெழுத்தும் போட்டேன். அது பங்குனி முதல் வாரம். ராஜினாமா பங்குனி கடைசி. இவர் பெண் பார்க்க வந்தது ஆனியில்.

இதை நான் இதுவரை எங்கும் எழுதியதில்லை.

இப்போது என் நாற்காலிக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை. துளசிமணிகூட எதுவும் கேட்கவில்லை. நானேதான் என் பின்னால் நிற்கிறேன்.

ஜூன் 26, புதன்

காலையில் இஸ்மாயில் சார் வந்து தன் பையைக் கீழே வைப்பதற்குள் போய் நின்றேன். ஞாயிற்றுக்கிழமை, டிரம், வாழைநார், 0.012, 0.009 எல்லாவற்றையும் சொன்னேன். திராட்சையையும் சொன்னேன். அதைச் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை, வந்துவிட்டது.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"தோட்டத்துக்குப் போனீங்க. சரி. வந்த அன்னைக்கே சொல்லியிருந்தா இந்தப் பை உங்ககிட்ட வந்திருக்காது."

"தெரியும் சார்."

"பத்து நாள்."

"தெரியும் சார்."

என் ஓட்டத்தை ரத்து செய்தார். அதே சாம்பிளில் தொடாமல் வைத்திருக்கும் மறுபாதியை எடுத்து, புது எண் ஒட்டி, ஷெரினிடம் கொடுத்தார். யாருடையது என்று அவளுக்குத் தெரியாது. மேடும் தோளும் பிரிகிற மாதிரி மெதுவாக, நீளமாக ஓட்டச் சொன்னார். என் கோப்பில் ஓர் எச்சரிக்கைக் கடிதம். தகுதிகாண் காலம் ஆறு மாதம் நீட்டிப்பு. கறிவேப்பிலை இனி என் கைக்கு வராது.

வேலை போகவில்லை. அறையை விட்டு வெளியே வந்ததும் கழிப்பறைக்குப் போய் முகம் கழுவினேன். கண்ணாடியில் பார்த்தால் சிரித்துக்கொண்டிருக்கிறேன். எதற்கு என்று தெரியவில்லை. உடம்பில் ஏதோ இறங்கிப் போயிருந்தது.

ஜூன் 27, வியாழன்

இன்று கண்ணாடிக் குழாய்கள் கழுவும் வேலை. நூற்று நாற்பது கழுவினேன். கதவுக்கு அந்தப் பக்கம் கருவி ஓடும் சத்தம். ஒவ்வொரு முறை அது நின்றபோதும் என் கையில் இருந்த குழாய் வழுக்கியது. ஒன்று உடைந்தது.

துளசிமணி இரண்டு முறை போன் செய்தார். எடுக்கவில்லை. எடுத்தால் குரலே சொல்லிவிடும். எதைச் சொல்லும் என்று எனக்கே தெரியாதபோதும்.

மாலையில் வீட்டில் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திராட்சையை எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று இருந்தேன். "அதான் நீ திராட்சையே வாங்கறதில்லயா? நான் உனக்குப் புளிப்பு ஆகாதுன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்," என்றார்.

ஜூன் 28, வெள்ளி

பதினொன்றரைக்கு சார் கூப்பிட்டார். அறிக்கை கொச்சிக்கும் குழுவுக்கும் மின்னஞ்சலில் போன பிறகுதான் கூப்பிட்டார். திரையைக் காட்டினார்.

மேடும் தோளும் பிரிந்து, நடுவில் சமதரையோடு, இரண்டு தனித்தனிப் புற்றுகளாக நின்றன. வலது பக்கம் இருந்தது இலையின் சொந்த எண்ணெய். இடது பக்கம் மருந்து. இலையின் எண்ணெய் அதன் அடியிலும் பரவிக் கிடந்திருக்கிறது, அதனால்தான் அன்று கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

0.006.

நான் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டேன். பிறகுதான் உறைத்தது. நான் ஆசைப்பட்டு இழுத்த 0.009-உம் தவறுதான். அதைப் போட்டிருந்தால் அவர்கள் தேறியிருப்பார்கள். ஆனாலும் அது என் மணிக்கட்டு சொன்ன எண்ணாகவே இருந்திருக்கும், அவர்களுடைய இலை சொன்னதாக அல்ல.

"எண்ணெய்னு நீங்க நெனச்சது சரி," என்றார் சார். "கோட்டை எங்க வைக்கணும்னு தெரிஞ்ச மாதிரி வெச்சதுதான் தப்பு."

அப்போது மேசைத் தொலைபேசி அடித்தது. எடுத்துக் கேட்டவர், "இப்ப நீங்க பேசலாம்," என்று ஒலிபெருக்கியில் போட்டார். ஷெரினும் வாசலில் வந்து நின்றாள்.

"அம்மிணி, தேறிட்டமுங்," என்றது துளசிமணியின் குரல். பின்னால் காற்று. "நீங்க பாத்துச் செஞ்சிருக்கறீங்க. செத்தாலும் மறக்கமாட்டோம்."

இஸ்மாயில் சார் தொலைபேசியையே பார்த்தார்.

"நான் எதுவும் செய்யலைக்கா. இந்தத் தடவை அளந்தது நானே இல்லை."

"அட, எங்களுக்குத் தெரியாதுங்களா. ஆருகிட்டயும் சொல்லமாட்டோமுங்."

"அக்கா, கேளுங்க. நான் உங்க தோட்டத்துக்கு வந்தேன்னு சொல்லி அந்தப் பையைத் திருப்பிக் குடுத்துட்டேன். வேறொருத்தங்க அளந்தாங்க. அது யாரு இலைன்னு இந்த நிமிஷம் வரைக்கும் அவங்களுக்குத் தெரியாது. தவறியிருந்தா தவறினதுன்னுதான் போட்டிருப்பாங்க."

வாசலில் ஷெரின் வாயைப் பொத்திக்கொண்டாள்.

காற்று மட்டும் கேட்டது.

"அப்ப…" குரல் இறங்கியிருந்தது. "நெசமாலுமே எலையில ஒண்ணுமில்லீங்களா?"

"ஒண்ணுமே இல்லைன்னு சொல்ல மாட்டேன். துளி இருக்கு. அனுமதிச்சிருக்கிற அளவுல பாதிக்குக் கொஞ்சம் மேல. அது உங்க இலையோட நிஜமான நம்பர்."

அவர் போனை முகத்திலிருந்து விலக்கியது தெரிந்தது.

"ஏ, இங்க வாங்கடி எல்லாரும்," என்று தூரத்தில் கேட்டது. "பாத்துப் போடலயாமா. நெசமான நம்பராமா."

அதற்குப் பிறகு பல பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். யாரோ எதையோ தட்டினார்கள், யாரோ திட்டினார்கள், யாரோ சிரித்தார்கள். ஒரு சொல்லும் விளங்கவில்லை. இஸ்மாயில் சார் போனை வைக்கச் சொல்லவில்லை. மூன்று பேரும் நின்று கேட்டுக்கொண்டே இருந்தோம்.